சார்ட்டு அண்ணாச்சி

தாராவி 90 அடி ரோட்டில் சாயாக் கடைக்கு ஒருவர் வீதம் இந்த அண்ணாச்சி கிடைப்பார். வயது ஐம்பதுக்கு மேல். சட்டைப் பையில் சிவப்பும் நீலமுமாக இரண்டு பேனா, கக்கத்தில் நான்காக மடித்து ஓரம் கிழிந்த காகிதக் கட்டு. அதுதான் சார்ட்டு. கல்யாண் மட்கா என்ற சூதாட்டத்தில் வருடக்கணக்காக விழுந்த எண்களெல்லாம் அதில் கட்டம் கட்டமாக அடைபட்டுக் கிடக்கும். ரேஷன் கார்டு எங்கே என்று கேட்டால் வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடுவார். போன தீபாவளிக்கு முந்தின வியாழக்கிழமை க்ளோஸ் என்ன என்று கேளுங்கள், டம்ளரைக் கீழே வைக்காமல் சொல்வார்.

மட்காவின் வரலாற்றை அவர் ராஜவம்சம் போலச் சொல்லிவருவார். ஆதியில் நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் டெலிபிரிண்டரில் பம்பாய்க்கு வரும், அவற்றின் மேல் பந்தயம் நடக்கும். 1961-ல் அது நின்றது. 1962-ல் கட்ச் பக்கத்துக் கல்யாண்ஜி பகத் ஒர்லியில் மட்காவைத் தொடங்கினார். 1964-ல் கராச்சியிலிருந்து வந்த சிந்திக்காரர் ரத்தன் கத்ரி ‘நியூ ஒர்லி’ என்று தனிக்கடை போட்டார். பகத் கடைக்கு ஞாயிறும் கிடையாது, லீவும் கிடையாது. கத்ரி வாரத்தில் ஆறு நாள். கத்ரியை மனதில் வைத்துத்தான் 1975-ல் ‘தர்மாத்மா’ படத்தில் பிரேம்நாத் பாத்திரத்தை எழுதினார்கள் என்பார்கள். எமர்ஜென்சியில் கத்ரி சிறைக்குப் போனதைச் சொல்லும்போது அண்ணாச்சியின் குரல் தழுதழுக்கும். சொந்தத் தாய்மாமன் போனதற்குக்கூட அவ்வளவு தழுதழுத்ததாக யாரும் சொல்லவில்லை.

ஆட்டம் எளிது. 0 முதல் 9 வரை உள்ள சீட்டுகளில் மூன்றை எடுப்பார்கள். 3, 6, 8 வந்தது என்று வையுங்கள். கூட்டினால் 17, கடைசி இலக்கம் 7. அது ஓப்பன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மூன்று: 1, 4, 4. கூட்டினால் 9. அது க்ளோஸ். இரண்டும் சேர்ந்து ஜோடி 79. ஒற்றை எண்ணில் கட்டலாம், ஜோடியில் கட்டலாம், மூன்று எண்ணும் சேர்ந்த பத்தியிலும் கட்டலாம். ஒற்றை எண் விழுந்தால் 10 ரூபாய்க்கு 90, ஜோடி விழுந்தால் 900 என்பது வழக்கமான ரேட்டு.

இதில் கடைக்காரருக்கு எங்கிருந்து லாபம் என்று கேட்பவர்களுக்குச் சார்ட்டு தேவையில்லை. பத்து எண்ணிலும் பத்துப் பத்து ரூபாய் கட்டிப் பாருங்கள். எது விழுந்தாலும் ஜெயிப்பீர்கள். கட்டியது 100, வந்தது 90. ஜோடியிலும் அதே கதைதான்: நூறு ஜோடிக்கும் கட்டி நிச்சயமாக ஜெயித்தால் பத்து சதவீதம் போயிருக்கும். சீட்டில் திருட வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை.

அண்ணாச்சியிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். “அது எல்லா நம்பரிலும் கட்டுற முட்டாப் பயலுக்குத் தம்பி. நாம விழுற நம்பர்ல மட்டும்லா கட்டுதோம்.”

விழுகிற நம்பரைக் கண்டுபிடிக்க அவரிடம் பல வழி உண்டு. அதில் முக்கியமானது ‘கட்’. ஒவ்வொரு எண்ணுக்கும் ஐந்து கூட்டினால் வருவது அதன் கட். 1-க்கு 6, 4-க்கு 9. அவர் 4 என்று சொல்லி 5 விழுந்தால், “ஒரு நம்பர்ல போச்சு பாருங்க.” 3 விழுந்தாலும் அதே வசனம். 9 விழுந்தால், “நான் சொன்னதுதான், கட் போட்டு இறக்கிட்டான்.” 8 அல்லது 0 விழுந்தால், கட்டுக்குப் பக்கத்து வீடு. எண்ணிப் பாருங்கள், பத்தில் ஆறு அண்ணாச்சிக்குச் சொந்தம். மிச்சம் 1, 2, 6, 7. அதில் ஏதாவது விழுந்துவிட்டால், “இன்னைக்கு மேலே உள்ளவன் கை வச்சுட்டான்.” ஆக, அவர் தப்பாகச் சொன்ன நாள் என்று ஒன்று கிடையாது. என்ன, புக்கி மட்டும் அந்த ஆறில் ஒன்றுக்குத்தான் பணம் தருவான்.

கனவு தனி இலாகா. யானை, பாம்பு, செத்துப்போன பாட்டி, தண்டவாளத்தில் ஆடு என்று எல்லாவற்றுக்கும் எண் வைத்திருக்கிறார். ஒரே பாம்பு வந்தாலும் தோல் பட்டறைக்காரருக்கு ஒரு எண், இட்லி வியாபாரிக்கு ஒரு எண். ஆளைப் பார்த்துத்தான் எண் சொல்வாராம். விஷயமே இங்கேதான் இருக்கிறது. பத்துப் பேருக்குப் பத்து எண் சொன்னால் எவனோ ஒருவனுக்கு விழுந்தே தீரும். விழுந்தவன் ஓடிவந்து சாயாவும் சமோசாவும் வாங்கித் தந்து, ஐம்பதோ நூறோ சட்டைப் பையில் திணித்துவிட்டு, அண்ணாச்சி வாக்கு பலித்தது என்று கோலிவாடா வரை சொல்லிக்கொண்டு போவான். விழாத ஒன்பது பேரும் வெளியே மூச்சு விடமாட்டார்கள். என் நேரம் சரியில்லை என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். அண்ணாச்சி இதைத் திட்டம் போட்டுச் செய்வதாக நான் நினைக்கவில்லை. அவ்வளவு கணக்குத் தெரிந்திருந்தால் அந்த நூறு ரூபாயை அன்று சாயங்காலமே கல்யாண் க்ளோஸில் கொண்டுபோய்க் கட்டமாட்டார்.

இவருக்கு மாட்டுங்காவில் ஓர் உடன்பிறப்பு உண்டு. இருவரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற மாமா. மட்கா என்றால் முகம் சுளிப்பார். அவருடைய வித்தை ரூலெட். 1976-லேயே கேசினோவுக்கு ஒரு சட்டம் போட்டுவிட்டு, அதை ஒரு நாளும் நடைமுறைக்குக் கொண்டுவராமல் 2023-ல் ரத்து செய்த மாநிலம் மகாராஷ்டிரம். அதனால் மாமா கோவாவுக்குப் போய், பணஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பலில் ஏறவேண்டியிருக்கிறது.

கிருத்திகையன்று செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலில் இருவரும் சந்தித்துவிட்டார்கள். மாமாவுக்குக் கிடைத்த செருப்பு டோக்கன் 37.

“மூணும் ஏழும் பத்து. பூஜ்யம் சார், இன்னைக்கு ஓப்பன்,” என்றார் அண்ணாச்சி.

“ரூலெட்ல 37-ங்கிற நம்பரே கிடையாது, ஓய். பூஜ்யத்துலேர்ந்து 36 வரைக்கும்தான். ஆனா குழி மொத்தம் 37. எல்லாத்துலயும் ஒவ்வொரு ரூபா வெச்சா 36 திரும்பி வரும். கம்பெனி எடுத்துக்கறது ஒரே ஒரு ரூபா. நூத்துக்கு ரெண்டே முக்கால்கூட இல்லை. உம்ம ஆள் பத்து எடுக்கறான்.”

“கப்பலுக்குப் போக வர பஸ் சார்ஜு, ரூம் வாடகை, உள்ளே நுழைய டிக்கெட்டு? எனக்கு நடந்து போற தூரம் சார்.”

மாமா இதற்குப் பதில் சொல்லவில்லை. தன் முறையை விளக்கப் போய்விட்டார். சிவப்பில் 100 வைக்கவேண்டும். தோற்றால் 200, பிறகு 400. “ஏழு தடவை கறுப்பே வந்துடுத்துன்னா, அடுத்தது சிவப்பு வந்துதானே ஆகணும்?” 1913 ஆகஸ்ட் 18-ல் மான்டே கார்லோவில் கூடியிருந்தவர்களும் இப்படித்தான் நினைத்தார்கள். அன்று கறுப்பு தொடர்ந்து 26 முறை வந்தது. மாமாவின் கணக்குப்படி பத்து முறை கறுப்பு வந்தாலே 1,02,300 ரூபாய் காலி. பதினொன்றாவது முறை 1,02,400 வைக்கவேண்டும். ஜெயித்தால் மொத்த லாபம் 100 ரூபாய். அதற்குள் மேசையின் உச்சவரம்பு குறுக்கே வந்து நிற்கும். 37 குழியில் சிவப்பு 18. முதல் முறையும் அதுதான், பதினொன்றாவது முறையும் அதுதான்.

அண்ணாச்சி சிரித்தார். “உருளுற குண்டுக்கு முன்னாடி எங்கே விழுந்தோம்னு ஞாபகம் இருக்குமா சார்?”

“அப்போ உம்ம சீட்டுக்கு மட்டும் இருக்குமோ?”

“அது கல்யாண் சார்,” என்றார் அண்ணாச்சி. வேறு விளக்கம் தேவை என்று அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்தவர் பைத்தியத்தை இவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடிக்கும் இரண்டு பேரை அன்று வேறெங்கும் பார்த்திருக்க முடியாது. எனக்கு மாமாவைவிட அண்ணாச்சி மேல். அவர் ஆட்டத்தில் ஒரு ரூபாய்க்கு வெட்டு அதிகம்தான், ஆனால் கையில் இருப்பதே நூறு ரூபாய். மாமாவிடம் பென்ஷன் இருக்கிறது.

மட்கா எழுதுவதும் கட்டுவதும் 1887-ம் வருடத்துச் சூதாட்டத் தடைச் சட்டப்படி இன்றும் குற்றம். ஆகவே 90 அடி ரோட்டுப் பக்கம் போனால் சாயாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டிங் சாயா அங்கே நன்றாகவே இருக்கும். அண்ணாச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்து ராத்திரி என்ன கனவு கண்டீர்கள் என்று கேட்டால், எனக்குக் கனவே வருவதில்லை என்று சொல்லிவிடுங்கள்.