எந்தப் பக்கம் சாய்வது?

கேள்வி: கோடை விடுமுறைக்குக் கணவர் துபாய் என்கிறார், மாமியார் கொல்லிமலை என்கிறார். நான் யார் பக்கம் சாய?
– ஒரு வாசகி, ராசிபுரம்

பதில்: கொல்லிமலைக்குப் போனால் நீங்களாகச் சாய வேண்டியதில்லை. 70 கொண்டை ஊசி வளைவுகளும் உங்களை மாறி மாறி இரண்டு பேர் பக்கமும் சாய்த்துவிடும்!

ஒன்று மட்டும். காரவள்ளி அடிவாரத்தில் பிள்ளைகளுக்குப் புரோட்டா வாங்கித் தராதீர்கள்; முப்பதாவது வளைவில் திரும்பி வரும். கையில் எலுமிச்சம்பழம் இருக்கட்டும். ஆகாய கங்கை அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது கூட்டுக் குடும்பம், ஏறும்போது தனிக்குடித்தனம். மாமியாரை மேலேயே அறப்பளீஸ்வரர் கோயிலில் உட்கார வையுங்கள். அவருக்குப் புண்ணியம், முழங்காலுக்கு நிம்மதி.

துபாயா? மே மாதம் அங்கே 40 டிகிரியைத் தாண்டும். வெயில் காய்வதற்குச் சேலம் பஸ் ஸ்டாண்டே போதுமே, விசா கேட்க மாட்டார்கள். டிசம்பரில் போங்கள். அதற்குள் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள்; காலாவதியாக ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும்.

இந்தக் கோடைக்கு மாமியார் கட்சிக்கே என் ஓட்டு.