காதுச் சோணைப் பதம்

கடையில் பக்லவா இனிப்பு வாங்குகிற குடும்பங்களைப் பற்றிப் பேசும்போது தெய்ஸேயின் குரல் தணிந்துவிடும், பக்கத்து வீட்டுப் பெண் ஓடிப்போன சேதியைச் சொல்வதுபோல. தெய்ஸே என்றால் அம்மாவின் உடன்பிறந்தவள். இஸ்தான்புல்லில் வயதான அம்மாள் எவரையும் அப்படிக் கூப்பிடலாம். எந்த அடுக்கு மாடிக்குப் போனாலும் இந்த ரகத்தில் ஒருவர் இருப்பார். எங்கள் கட்டடத்துக்கு வாய்த்தவர் மூன்றாவது மாடியில்.

நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு மாவு பிசைய உட்காருவார். அளவு கேட்டால், “மாவு, அது பிடிக்கிற மட்டும்” என்பார். மழுப்பல் இல்லை. துருக்கிச் சமையல் குறிப்புகளில் அச்சிலேயே இப்படித்தான் இருக்கும். அடுத்த வரிதான் வில்லங்கம்: மாவு காதுச் சோணை போல மென்மையாக இருக்க வேண்டுமாம். நாடே இதை உவமையாகப் படித்துவிட்டு மாவைப் பார்க்கப் போகிறது. தெய்ஸே காதைத் தேடிப் புறப்படுகிறார்.

சொந்தக் காது உதவாது. நாற்பது வருடம் கனத்த தோடு போட்டுத் தொங்கிவிட்டது. கணவரின் காது காய்ந்துபோய்விட்டதாம். மருமகனின் காது அருமையான பதம், ஆனால் அது அங்காராவில் இருக்கிறது. மிச்சம் இருப்பது கீழ்வீட்டு வாடகைக்காரன்.

அழைப்பு மணி அடிக்கும். கதவைத் திறந்தால் ஒரு கையில் மாவு உருண்டை. “மகனே, குனி.” இன்னொரு கை என் சோணையை உருட்டும். கண்ணை மூடிக்கொள்வார். மாவை ஒரு பிடி, காதை ஒரு பிடி, மறுபடி மாவு. “உன்னுது கொஞ்சம் கெட்டி. பரவாயில்லை, பக்லவாவுக்கு அப்படித்தான் வேணும்.” இங்கே வயிற்றில் கட்டுக்கட்டாகத் தெரியும் தசையையும் பக்லவா என்றுதான் சொல்கிறார்கள். அந்த இனத்தில் என்னிடம் ஒன்றும் இல்லாததால், உடம்புக்குக் கிடைத்த இந்த ஒரே பாராட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் என் காதைப் பார்த்துவிட்டு, “வீட்டில் பக்லவாவா?” என்று விசாரித்தார். துடைத்துக்கொள்ள மறந்திருக்கிறேன்.

காஸியான்தெப் நகரத்துப் பக்லவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் புவிசார் குறியீடு கொடுத்த கதையை ஒருமுறை எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவங்க யார் காதைப் பிடிச்சுப் பார்த்தாங்க?” என்றார்.

மற்றதெல்லாம் சொன்னால் சீக்கிரம் முடிந்துவிடும். ஸ்டார்ச் தூவி, மெலிந்த நீளக் கட்டையால் மாவை அடியில் வைத்த கை தெரியும்வரை தேய்ப்பார். நடுவே அக்ரூட் பருப்பு. பிஸ்தா விலை கேட்டால் மயக்கம் வரும். மேலே உருக்கிய நெய். அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டில் ஆறிய பாகை ஊற்றும்போது தட்டே சீறும். மறுநாள் காலைவரை ஒருவர் கைவைக்கக் கூடாது.

சரி, மறுநாள் என்ன கிடைக்கிறது? வட்டத் தட்டில் சாய்சதுரமாகத் துண்டு போட்டால் விளிம்பில் மூக்கறுந்த துண்டுகள் நிற்குமே, அவைதான். நடுத்துண்டெல்லாம் பெருநாள் விருந்தாளிகளுக்கு. மூன்று வருடம் காதைக் கொடுத்திருக்கிறேன், ஒரு முழுத் துண்டு பார்த்ததில்லை. எனக்கு நிஜமாகவே கோபம்தான். இந்த முறை மணி அடித்ததும் வலது காதைக் கையால் பொத்திக்கொண்டு நியாயம் கேட்டேன்.

தெய்ஸே பதில் சொல்லவில்லை. எட்டி இடது காதைப் பிடித்தார். கண்ணை மூடினார். “அட, இது இன்னும் மெத்துன்னு இருக்கே! இத்தனை வருஷம் ஏன் சொல்லல?”