முதலிடம் யாருக்கு?

கேள்வி: 'ஸ்டார் ட்ரெக்' முதல் சீசனின் சிறந்த எபிசோடுகளை வரிசைப்படுத்த முடியுமா?

பதில்: 1966-67இல் வந்த அந்த சீசனில் மொத்தம் 29 எபிசோடுகள். ஆனாலும் முதலிடத்துக்குப் போட்டியே கிடையாது: 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்'. 1930ஆம் ஆண்டு நியூயார்க்குக்குப் போய்ச் சேரும் கேப்டன் கிர்க், ஏழைகளுக்கு உணவளிக்கும் ஈடித் கீலரிடம் மனதைப் பறிகொடுக்கிறார். அவள் பிழைத்தால் அமெரிக்கா போரில் இறங்கத் தாமதமாகும், ஹிட்லர் ஜெயித்துவிடுவார். தெருவில் வண்டி பாய்ந்து வருகிறது. காப்பாற்ற ஓடும் டாக்டர் மெக்காயை கிர்க்கே இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். விண்கலச் சண்டை எதுவும் இல்லாமலே வயிற்றைப் பிசைகிறது. 1968இல் ஹியூகோ விருது சும்மா வரவில்லை!

அடுத்தது 'தி டெவில் இன் தி டார்க்'. சுரங்கத் தொழிலாளர்களைக் கொல்லும் பாறைப் பிராணி ஒரு தாய். அவர்கள் உடைத்துப் போட்ட உருண்டைகள் அதன் முட்டைகள். யார் அரக்கன் என்ற கணக்கே தலைகீழாகிறது.

மூன்றாவது 'பேலன்ஸ் ஆஃப் டெரர்'. நீர்மூழ்கிக் கப்பல் சண்டையை விண்வெளிக்கு ஏற்றிய கதை.

'ஸ்பேஸ் சீட்' நான்காவதுதான். அதில் வரும் வில்லன் கானின் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். அவருக்குத்தான் 1982இல் தனிப் படமே கிடைத்துவிட்டதே!