கோட்டுக்கு வெளியே ஒரு கோச்

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பொட்டிபுரம் பக்கம் எந்தப் பொட்டல் மைதானத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு பயல்கள் ஒரே பந்துக்குப் பின்னால் புழுதி கிளப்பிக்கொண்டிருப்பார்கள். சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே ஒருவர், அத்தனை பேரையும்விட அதிகமாக வேர்த்து விறுவிறுத்து நிற்பார். அவர்தான் கோச்.

அவரை யாரும் நியமிக்கவில்லை. அதனால் யாரும் நீக்கவும் முடியாது. காலையில் போடியில் ஏலக்காய் வியாபாரம், சாயங்காலம் கால்பந்து. இதே ஆள் சின்னமனூரில் எல்ஐசி ஏஜென்டாக இருப்பார், கம்பத்தில் ரிட்டயர்டு வாத்தியாராக இருப்பார். தொழில்தான் வேறு, தொண்டை ஒன்று.

உடுப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மேலே அர்ஜென்டினா பனியன், முதுகில் பத்தாம் நம்பர். கழுத்தில் விசில். கையில் செல்போன். காலில் மட்டும் ரப்பர் செருப்பு. பந்தை அவர் உதைத்துப் பல வருஷம் ஆயிற்று என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

படிப்பெல்லாம் ராத்திரிப் படிப்பு. சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் பெரும்பாலும் நம் நேரத்துக்குப் பன்னிரண்டரைக்கோ ஒன்றரைக்கோ தொடங்கும். அதை முழுசாகப் பார்த்துவிட்டுக் காலையில் ஏலத்தில் கொட்டாவி விடுவார். முந்தின ராத்திரி எந்த டீம் ஜெயித்ததோ, அந்த டீமின் வியூகம்தான் மறுநாள் பொட்டிபுரத்துக்கு. நேற்று 4-3-3. இன்றைக்கு 3-5-2. பெப் கார்டியோலா என்கிற பெரிய கோச் என்ன நினைக்கிறார் என்பது அவருடைய வீரர்களுக்கு முன்னால் இவருக்குத் தெரியும். பேச்சில் அவர் பெயர் வெறும் ‘பெப்பு’; ஏதோ சம்பந்தி வீட்டு மாப்பிள்ளையைச் சொல்கிற உரிமை.

ஒருநாள் புழுதியில் குச்சியால் கோடு கிழித்து 4-3-3 விளக்கிக்கொண்டிருந்தார். எண்ணிப் பார்த்த ஒரு பயல் எழுந்தான்.

“மாமா, கோலியோட சேத்து பதினோரு பேரு வருது. நாம ஒம்பது பேருதான இருக்கோம்?”

“மிச்ச ரெண்டு பேர மனசுல வச்சுக்கிட்டு ஆடுங்கடா!”

ஆள் தேர்வு இவரிடம் நடக்கிற விதம் தனி. போடி வியாபாரிக்கு ஏலக்காயைச் சல்லடையில் போட்டுத்தான் பார்க்கத் தெரியும். 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற காய்க்கு ஒரு விலை, கீழே விழுகிற காய்க்கு ஒரு விலை. அதே கண்தான் மைதானத்திலும். நெட்டையாக இருந்தால் பேக். குண்டாக இருந்தால் கோலி. விறைப்பாக நடந்தால் சென்டர். இந்தச் சல்லடையில் எல்லாம் நிற்காமல் உதிர்கிற பொடிப்பயலுக்கும் ஒரு இடம் உண்டு: கோல் கம்பத்துக்குப் பின்னால், கடலைக்காட்டில் விழுகிற பந்தை எடுத்துவர.

ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயசுப் பிரிவில்தான் ஆடுகிறார்கள். முன்னவன் பதினொரு மாதம் கூடுதலாகச் சாப்பிட்டவன். அந்த உயரத்தைத் திறமை என்று நினைத்து வருஷ ஆரம்பத்தில் பிறந்த பிள்ளைகளையே அதிகம் பொறுக்கிவிடுகிறோம் என்பதை உலகமெங்கும் இளையோர் கால்பந்தில் கணக்கெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளே விழுந்த குழி அது. போடிக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்று. வளர்ச்சிக்கு ஊசி போட வேண்டியிருந்த ஒரு பதின்மூன்று வயதுப் பையனை 2000-இல் பார்சிலோனா எடுத்துக்கொண்டது. அந்தப் பையனின் பனியனைத்தான் நம் கோச் போட்டிருக்கிறார். போட்டுக்கொண்டே, “டேய் குட்டையா, நீ அங்கிட்டு நில்லு” என்கிறார்.

பந்து வாங்கியதில் ஒரு சிக்கனம். எட்டிலிருந்து பன்னிரண்டு வயசு வரைக்கும் 4-ஆம் நம்பர் பந்து போதும். இவர் வாங்கியது 5-ஆம் நம்பர். பெரியவர்கள் ஆடுகிற, 410 முதல் 450 கிராம் எடை உள்ள பந்து. “வளர்ற பிள்ளைகதான? நாளைக்கும் ஆகும்ல” என்றார். ஜூன் மாசம் யூனிபாரம் டவுசரை ரெண்டு சைஸ் பெரிசாக எடுத்து அரைஞாண் கயிற்றில் இறுக்கிவிடுகிற அப்பன்களின் கணக்கு அது. டவுசரையாவது மடித்துத் தைக்கலாம். பந்தை என்ன செய்வது? உள்ளங்காலால் தட்டிப் பழக வேண்டிய பிள்ளைகள், அந்தக் கனத்தை நகர்த்துவதற்காகக் கட்டைவிரலால் குத்தி உதைக்கிறார்கள். “பாஸ் நேரா போகமாட்டேங்குதே” என்று கோச் தலையில் அடித்துக்கொள்கிறார்.

மேட்ச் நாளில் அவரைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். காதுக்குத்தான் பஞ்சு வேண்டும். “பாஸ் போடு! போடாத! அடி! ஏன்டா அடிச்ச? பின்னாடி ஆளு! முன்னாடி ஓடு! வெரசா... பைய... பைய!” எல்லாம் ஒரே மூச்சில், ஒரே பையனுக்கு. அவன் என்ன செய்வான், பாவம்? நின்று, திரும்பி, மாமா முகத்தைப் பார்க்கிறான். அதற்குள் எதிராளி பந்தைக் கொத்திக்கொண்டு போய்விடுகிறான்.

கெய்ர் யோர்டெட் என்ற நார்வே ஆய்வாளர் இங்கிலாந்து லீக் வீரர்களை வீடியோவில் வைத்து நுணுக்கமாகப் பார்த்தார். பந்து காலுக்கு வருவதற்கு முன்னால் தோளுக்கு மேலே திரும்பித் திரும்பி அக்கம்பக்கம் பார்த்துக்கொள்கிறவன், பார்க்காதவனைவிட அதிகம் சரியான பாஸ் போடுகிறான் என்பது அவர் கண்டது. பொட்டிபுரம் பயல்களும் பந்து வருவதற்கு முன்னால் திரும்பிப் பார்க்கிறவர்கள்தான். ஆனால் பார்ப்பதெல்லாம் கோச்சை.

பாதி ஆட்டத்தில் பிரசங்கம். நேரத்தில் பாதி, போன மேட்சுக்கான திட்டு; மீதி, பழைய பகைக்கான திட்டு. உள்ளூர் விஞ்ஞானமும் வரும். பொட்டிபுரத்து அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. எதிர்ப்பு, வழக்கு என்று ஆய்வகம் வராமலே நின்றுபோனது; சொல் மட்டும் ஊருக்குள் வந்து தங்கிவிட்டது. மூன்று கோல் வாங்கிவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பேக் பயல்களிடம் கோச் சொன்னார்:

“மலையத் தொளச்சிக்கிட்டுப் போற நியூட்ரினோவப் பிடிக்கத்தான்டா அம்பதாயிரம் டன் இரும்பு வேணும்னாங்ய. உருண்டு வர்ற பந்தப் பிடிக்க ஒரு காலு போதும்!”

இரும்புக் கணக்கு துல்லியம். ஆய்வகத்தின் கருவிக்குத் திட்டமிட்டிருந்தது அவ்வளவுதான். கால்பந்துச் சட்டத்தில்தான் அவருக்குக் கொஞ்சம் தகராறு. எதிர் டீம் பயல் த்ரோ பந்தை வாங்கிக் கோலடித்தபோது, “ஆப்சைடு! ரெப்ரி, கண்ணு தெரியலையா?” என்று மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார். கடலைக்காட்டுப் பொடியன் வேலிக்கு அப்பாலிருந்து, “மாமா, த்ரோவுக்கு ஆப்சைடு கிடையாது. கார்னருக்கும் கிடையாது, கோல் கிக்குக்கும் கிடையாது” என்றான். கோச் ஒரு விநாடி நின்றார். “தெரியும்டா. ரெப்ரிக்குத் தெரியுதான்னு பாத்தேன்.”

சரித்திரத்தில் அவரை அசைக்க முடியாது. போடி மெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, பூப்பாறை தாண்டிப் போனால் மூணாறு. அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளின் அணிகள் 1940-களிலிருந்து ஃபின்லே ஷீல்டுக்காக மோதிக்கொள்கின்றன. ஆடினவர்களில் நம் தமிழ்ச் சனம் ஏராளம். கோச்சின் கணக்குப்படி அதில் பாதிப்பேர் அவருக்குத் தாத்தா முறை. கேரளக்காரர் யாராவது கால்பந்துப் பெருமை பேசினால் சட்டென்று மடக்குவார்: “1973-ல சந்தோஷ் டிராபிய மொதமொத ஜெயிச்சீங்களே, ஒங்களுக்குக் கோச் யாரு? எங்க சைமன் சுந்தர்ராஜ். ரோம் ஒலிம்பிக்ஸ் டீம்ல இருந்த ஆளு!” அந்த வெற்றியில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்பது குரலிலேயே தெரியும்.

இத்தனை வியூகமும் போதிக்கிற மனிதர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தப் பயல்களிடம் ஏற்கெனவே ஒரு வியூகம் இருக்கிறது. ஆனி ஆடியில் மேற்கே கணவாயிலிருந்து இறங்குகிற காற்று, தூக்கி அடித்த பந்தை நேரே கடலைக்காட்டில் கொண்டுபோய்ப் போடும். அதனால் பயல்கள் பந்தைத் தரையைவிட்டு எழுப்புவதில்லை. சின்னச் சின்ன பாஸ், முக்கோணம் முக்கோணமாக, புழுதியோடு புழுதியாக. டாஸ் ஜெயித்தால் முதல் பாதி காற்றுக்கு எதிரே. பொழுது சாயச் சாயக் காற்று ஏறும் என்பது ஆடு மேய்த்தவனுக்குத் தெரியாதா? இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தூரமாக அடித்தவன்தான் முள்ளுக்குள் இறங்கிப் பந்தை எடுக்க வேண்டும் என்ற ஒரு சட்டம் போதுமாக இருந்தது. கோச் இதைப் பார்த்துப் பூரித்துப்போய், “பாத்தியா, பெப்பு ஸ்டைலு! நாஞ் சொல்லிக் குடுத்தது” என்பார்.

அவர் வராத நாளில் பயல்கள் மூன்று மூன்று பேராகப் பிரிந்து, செருப்பை வைத்து நாலு கோல் கட்டி ஆடுவார்கள். அவர் கண்ணில் பட்டால், “வெளையாட்டா வெளையாடுறீங்க?” என்று விரட்டுவார். நாலு முறை உலகக் கோப்பை வென்ற ஜெர்மனி, 2024-25 பருவத்திலிருந்து வாண்டுகளுக்குப் புள்ளிப் பட்டியலை எடுத்துவிட்டு இதைத்தான் கட்டாயம் ஆக்கியிருக்கிறது: சின்ன மைதானம், இரண்டிரண்டு பேர் அல்லது மூன்று மூன்று பேர், நாலு குட்டிக் கோல். ஆள் குறைந்தால் பந்து ஒவ்வொரு காலுக்கும் அடிக்கடி வரும். கடலைக்காட்டுப் பொடியனுக்கும் வரும். ஜெர்மன்காரர்கள் கூட்டம் போட்டு முடிவெடுத்ததை நம் பயல்கள் செருப்பைக் கழற்றி முடித்துவிட்டார்கள்.

அப்படியானால் இந்த மனிதர் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஆட்டம் முடிந்து எல்லாரும் போனபின் அவரைப் பார்க்க வேண்டும். கல்லில் உட்கார்ந்து, பந்தை முழங்கால் இடுக்கில் வைத்து, பம்பு ஊசியை நாக்கில் நனைத்து, பந்தின் கண்ணுக்குள் கோணாமல் இறக்குவார். வறண்ட ஊசி வால்வைக் கிழித்துவிடும். நாலு அடி காற்று, ஒரு அமுக்கு. நாலு அடி, ஒரு அமுக்கு. ஏலக்காய் பிதுக்கிப் பழகிய கட்டைவிரல், காற்று போதும் என்று சொன்னதும் நிறுத்திவிடும். அந்த நேரத்தில் மட்டும் வாயிலிருந்து ஒரு சொல் வராது. பந்து, பம்பு, வலை, பக்கத்து ஊர் மேட்சுக்கு ஜீப் வாடகை, அடிபட்ட முட்டிக்கு மருந்து எல்லாம் அவர் சட்டைப்பையிலிருந்து. இதையெல்லாம் அவர் கோச்சிங் கணக்கில் சேர்ப்பதில்லை.

பெண்பிள்ளைகள் விஷயமும் அப்படித்தான். “பொம்பளப் பிள்ளைகளுக்கு எதுக்குப் பந்து?” என்று ஒரு காலத்தில் பேசினவர்தான். 2019-இல் மதுரை சேது எஃப்சி இந்தியப் பெண்கள் லீக்கை ஜெயித்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-இல் மணிப்பூரையும் 2023-இல் ஹரியானாவையும் இறுதியாட்டத்தில் சாய்த்துத் தேசியப் பட்டம் கொண்டுவந்தது. மனிதர் மாறிவிட்டார், மாறியதாக ஒப்புக்கொள்ளத்தான் இல்லை. ஏலத்தோட்டத்து ஜீப்புகள் மலையிறங்கி வருகிற நேரம் ரோட்டோரம் காத்திருந்து தாய்மாரை மடக்குவார்.

“ஏத்தா, ஒம்மகள ரெண்டு மணி நேரம் விடு. இருட்டுறதுக்குள்ள வீட்டுல நாங் கொண்டாந்து விடுறேன்.”

“அவ வந்தா யாருண்ணே தண்ணி எடுக்குறது?”

“நாந் தம்பிப்பயல எடுக்கச் சொல்றேன். அவன் பந்தாடுற லட்சணத்துக்குத் தண்ணியே எடுக்கலாம்.”

இப்படி வந்தவர்கள் இன்றைக்கு ஒரு டீம் அளவுக்கு இருக்கிறார்கள். கார்டியோலாவால் ஆகாத காரியம்.

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், பெற்றோரும் கோச்சும் கோட்டோரத்திலிருந்து கத்தக் கூடாது, கை மட்டும் தட்டலாம் என்று வாரக்கடைசிகள் நடத்தியிருக்கிறது. பொட்டிபுரத்தில் அது சளியால் நடந்தது. கோச்சுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மிளகுக் கஷாயத்தோடு வந்து நின்றார், சைகை காட்டினார், யாரும் திரும்பவில்லை. பயல்கள் ஒருத்தனை ஒருத்தன் பார்த்தார்கள், இடத்தைப் பார்த்தார்கள், பந்தைப் பார்த்தார்கள். அதற்கு முன் அப்படி ஆடியதில்லை என்று எதிர் டீம்காரர்களே சொன்னார்கள். கோச் கரகரத்த குரலில், “இத்தன நாளு நாங் கத்துனது இப்பத்தான் மண்டையில ஏறியிருக்கு” என்றார். அடுத்த வாரத்துக்கு மைக் செட்டுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டார்.

பயல்கள் கூடிப் பேசினார்கள். மைக் செட் வந்த அன்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து, கிழக்குக் கோடி வேப்பமரத்தடியில் போட்டு, “மாமா, நிழலா இருக்கும், ஒக்காருங்க” என்றார்கள். கோச் நெகிழ்ந்துபோனார். ஆடிக்காற்று மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவர் மைக்கில் சொன்னதெல்லாம் காற்றோடு கிழக்கே போனது. கடலைக்காட்டில் மேய்ந்த ஆடுகள் மட்டும் அவ்வப்போது தலையைத் தூக்கிப் பார்த்தன. அன்றைக்குப் பந்து பொறுக்க ஆள் இல்லை. நாற்காலி யோசனையைச் சொன்ன பொடியனை, பயல்கள் உள்ளே சேர்த்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.