பெயருக்கு ஒரு பங்க்

1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயிலை 34 துண்டாக உடைத்தது. பாகப்பிரிவினையில் அப்பன் பெயர் மட்டும் மாநிலத்துக்கொரு பங்காளியிடம் மாட்டிக்கொண்டது. நியூஜெர்சிப் பங்காளி 'எஸ்.ஓ.'வை ஒட்டி 'எஸ்ஸோ' என்று பலகை மாட்ட, மற்றவர்கள் கோர்ட்டுக்கு ஓடினார்கள். அலுத்துப்போய் 1972இல் எவனும் சொந்தம் கொண்டாட முடியாத 'எக்ஸான்' ஆனார்.

இன்னொரு பங்காளியான செவ்ரான் கெட்டி. தொடர்ந்து மூன்று வருஷம் புழங்காத பெயரைக் கைவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே பாத்தியதை உள்ள மாநிலங்களில் பெயருக்கு ஒரு பங்கில் 'ஸ்டாண்டர்ட்' பலகை. சான்ஃபிரான்சிஸ்கோவில் வான் நெஸ் அவென்யூவில் பார்க்கலாம். குழாயில் வருவதென்னவோ செவ்ரான் பெட்ரோல்தான். டேங்க் நிரப்பிப் போகிறவர், பாவம், சம்பளமில்லாத சாட்சி.