தளபதி

டோக்கியோவில் நிஷி கசாய் பக்கம் நம்மவர்கள் நிறையக் குடியிருக்கிறார்கள். அங்கே அடுக்ககத்துக்கு ஒருவராவது நான் சொல்லப்போகிறவரைப்போல அகப்படுவார். பகலில் மென்பொருள், ராத்திரியில் ஜப்பானிய மொழித் தேர்வின் உச்சப்படியான என்-1. இவருக்கு நான் வைத்த பெயர் தளபதி.

2010-இல் தேர்வை மாற்றியதிலிருந்து, இன்ன சொற்கள்தான் வரும் என்று பட்டியல் போடுவதில்லை. அதனால் சொல் தேடி மற்றவர்கள் சமையல் நிகழ்ச்சி, சிறுகதை என்று மேய்வார்கள். தளபதி நேரே என்.எச்.கே. செய்தியில் குதித்தார். படையெடுப்புக்கு 'ஷின்கோ', போர்நிறுத்தத்துக்கு 'தெய்சென்', படைபலத்தைப் பிரயோகிப்பதற்கு 'புர்யோக்கு கோஷி'. அதுவும் போதாமல் ஜப்பானிய அரசியல் சட்டத்தின் 9-ஆவது பிரிவை நெட்டுருப் போட்டார். போரும் வேண்டாம், ஆயுத மிரட்டலும் வேண்டாம் என்று 1947 முதல் சொல்லிவரும் பிரிவு அது. போர்ச் சொல் பொறுக்குகிறவருக்கு அட்சய பாத்திரம்!

சலூனில் மட்டும் கொஞ்சம் தடுமாற்றம். 'காதோரம் லேசாகக் குறையுங்கள்' என்று சொல்ல வராது. கேட்டதற்கெல்லாம் 'ஹாய், ஹாய்' (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டிவிட்டு, ஒட்ட வெட்டிய பட்டாளத்துக் கிராப்போடு வெளியே வருவார். பெயருக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

ஒருநாள் எரிக்கும் குப்பைப் பையில் பழைய பாட்டரிகளையும் சேர்த்துப் போட்டுவிட்டார். குப்பை வண்டிக்காரர்கள் ஸ்டிக்கர் ஒட்டிப் பையை அங்கேயே விட்டுப் போய்விட்டார்கள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். 'சுமிமாசென்' (மன்னியுங்கள்) என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. தளபதி விறைப்பாக நின்று, "கிவாமெத்தெ இக்கான் தெஸ்" என்றார். வடகொரியா ஏவுகணை விடும்போது அமைச்சரவைத் தலைமைச் செயலர் டி.வி.யில் சொல்லும் 'மிகவும் வருந்தத்தக்கது' அது. கையோடு, இந்த 'ஃபுன்சோ'வை, அதாவது செய்தியில் நாடுகளுக்கிடையே வரும் தகராறை, அமைதி வழியில் தீர்க்கலாம் என்றும் உறுதியளித்தார்.

பெரியவர் பாட்டரியைப் பார்த்தார். தளபதியின் கிராப்பைப் பார்த்தார். இடுப்புவரை குனிந்து வணங்கிவிட்டுப் பையைத் தாமே எடுத்துப் போய்விட்டார்.

டிசம்பர் தேர்வில் தளபதி தேறிவிட்டார். ஒவ்வொரு பகுதியிலும் 19-க்குக் குறையாமல், மொத்தம் 180-க்கு 100 எடுத்தால் போதும். வாய் திறந்து பேசவேண்டிய பகுதி அந்தத் தேர்விலேயே கிடையாது.