மொட்டை மாடியில் ஒரு பிரசவம்

கேள்வி: எங்கள் மாடியில் கொட்டியிருக்கும் ஜல்லியில் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருக்கிறது. துணி காயப்போடப் போனால் தலைக்கு மேலே பறந்து கத்துகிறது. ஏரிக்கரைப் பறவைக்கு மாடியில் என்ன வேலை?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: ஏரியைப் பிளாட் போட்டு விற்றுவிட்டு இப்படிக் கேட்டால் எப்படி அம்மா? ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. தரையில் லேசாகப் பள்ளம் பறித்து, கூழாங்கல், ஆட்டுப் புழுக்கை என்று கிடைத்ததைச் சுற்றி வைத்து, பெரும்பாலும் 4 முட்டை இடும். கரும்புள்ளி போட்ட முட்டை ஜல்லியோடு ஜல்லியாகக் கிடக்கும். காக்கைக்கே கண்டுபிடிப்பது கஷ்டம். ரயில் தண்டவாளங்களுக்கு நடுவிலும் இட்டிருக்கிறது. பட்டா, பத்திரக் கவலை எல்லாம் நமக்குத்தான்.

சீசன் பெரும்பாலும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. நம் வெயிலில் முட்டை அவிந்துவிடாதா? எங்காவது தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து அதன்மேல் உட்காரும்! ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். (இந்த வரியை வீட்டில் உரக்கப் படிக்கவும்.) சுமார் 4 வாரத்தில் குஞ்சு வெளிவரும், சீக்கிரமே ஓட ஆரம்பித்துவிடும். பெற்றோர் காவலுக்குத்தான், ஊட்டிவிடுவதில்லை. இரையைக் குஞ்சேதான் தேட வேண்டும். மாடியில் சிக்கலே அதுதான்: சிமென்ட் தளத்தில் புழு பூச்சிக்கு எங்கே போகும்?

கொடியை ஒரு மாதம் வேறு பக்கம் கட்டுங்கள். ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வையுங்கள். குஞ்சு பொரித்ததும் வனத்துறைக்குச் சொல்லுங்கள். முட்டையை மட்டும் தயவுசெய்து இடம் மாற்றாதீர்கள்.